பலர் புழங்கும் கணினியில் பிள்ளைக்கு எவ்வளவு இணையம்?

கடலூரிலிருந்து விருத்தாசலம் போகும் சாலையும் பண்ருட்டியிலிருந்து சேத்தியாத்தோப்பு போகும் சாலையும் சந்திக்கும் ஊர் வடலூர். வள்ளலார் 1867இல் தருமசாலையையும் 1872இல் சத்திய ஞானசபையையும் நிறுவிய இடம். சென்னை மாகாணத்தின் பிரதமர் பொறுப்பிலிருந்து 1949இல் விலகிய ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் இங்கே வந்து தங்கிக் கல்விப் பணி செய்தார். பக்கத்தில் நெய்வேலிச் சுரங்கம். தெற்கே சிதம்பரத்தில் 1929 முதல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம். பிள்ளைகள் படித்து மேலே வருவார்கள் என்ற நம்பிக்கையில் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிச் சேமிக்கும் குடும்பங்களின் வட்டாரம் இது.

அப்படிப்பட்ட வீட்டில் கணினி என்று இருந்தால் பெரும்பாலும் ஒன்றுதான் இருக்கும். அண்ணன் பிளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப்பாக இருக்கலாம். அப்பா தவணையில் வாங்கியதாக இருக்கலாம். அதில்தான் அக்கா பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கிறாள், அப்பா வங்கிக் கணக்கைப் பார்க்கிறார், எட்டாம் வகுப்புத் தம்பி வீட்டுப்பாடம் முடித்துவிட்டு யூடியூப் பார்க்கிறான். பிள்ளைகளும் இணையமும் என்று நடக்கும் பேச்சும் எழுதப்படும் சட்டமும் ஆளுக்கொரு கருவி உள்ள வீட்டையே மனத்தில் வைத்திருக்கின்றன. ஒரே கணினியை நாலு பேர் புழங்கும் வீடு அந்தக் கணக்கில் வருவதில்லை. அந்த வீட்டில் பிள்ளையின் இணையத்தை எவ்வளவு, எப்படி வரையறுப்பது என்பதுதான் இங்கே கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கட்டுப்பாட்டைக் கணினியின் மேல் வைத்தால் அது வீட்டிலுள்ள எல்லோர் மேலும் விழும், அல்லது யார் மேலும் விழாது. ஆளுக்கும் நேரத்துக்கும் இடத்துக்கும் வைக்க வேண்டும். பிள்ளைக்குத் தெரிந்தே வைக்க வேண்டும்.

2017-18இல் எடுக்கப்பட்ட தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் கணினி இருந்த வீடுகள் 10.7 விழுக்காடு, கிராமப்புறத்தில் 4.4 விழுக்காடு மட்டும். கைபேசி அந்தக் கணக்கைத் தாண்டிப் போய்விட்டது. கிராமப்புற இந்தியாவில் எடுக்கப்பட்ட அசர் 2024 கல்வி ஆய்வில், 14 முதல் 16 வயதுப் பிள்ளைகளில் 82 விழுக்காட்டினருக்கு ஸ்மார்ட்போனைப் பயன்படுத்தத் தெரிந்திருந்தது. அவர்களில், ஆய்வுக்கு முந்தைய வாரத்தில் படிப்புக்காக அதைத் தொட்டவர்கள் 57 விழுக்காடு, சமூக வலைத்தளத்துக்காகத் தொட்டவர்கள் 76 விழுக்காடு. இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலுள்ள தூரம்தான் பெற்றோரின் கவலை. ஆனால் முதல் எண்ணையும் மறந்துவிடக் கூடாது. பயன்படுத்தத் தெரிந்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் படிப்புக்காகவும் இணையத்துக்குள் போகிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு பூட்டினால் அதுவும் சேர்ந்து பூட்டப்படும்.

பலர் புழங்கும் கணினிக்கு இந்தியாவில் ஒருமுறை விதி எழுதப்பட்டது. அது வீட்டுக்காக எழுதப்பட்டதல்ல, பிரவுசிங் சென்டருக்காக எழுதப்பட்டது. பிளைவுட் தடுப்பும் திரைச்சீலையுமாக இருந்த அந்தச் சிறு அறைகள் நாற்பதைக் கடந்த எவருக்கும் நினைவிருக்கும். 2011 ஏப்ரலில் மத்திய அரசு வெளியிட்ட சைபர் கஃபே விதிகள் மிகத் தெளிவானவை. தடுப்புகள் தரையிலிருந்து நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது. தடுப்புக்கு வெளியே உள்ள கணினிகளின் திரை எல்லோரும் நடமாடும் பக்கம் பார்த்திருக்க வேண்டும். பதினெட்டு வயது நிரம்பாதவர்களைப் பெற்றோரோ பாதுகாவலரோ உடன் இல்லாமல் தடுப்புக்குள் உட்கார வைக்கக் கூடாது. மென்பொருள், வடிகட்டி எல்லாவற்றுக்கும் முன்னால் அந்த விதி பிடித்துக்கொண்டது ஒன்றைத்தான்: திரை எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதை. இத்தனை ஆண்டுகள் கழித்துப் படித்தாலும் அதில் உள்ள அறிவு எனக்குப் பழசாகத் தோன்றவில்லை.

அதே ஆண்டு செப்டம்பர் 15ஆம் தேதி தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளில் அரசு, அரசு உதவி பெறும் நிறுவனங்களின் மாணவர்களுக்கு அரசின் எல்காட் நிறுவனம் வழியாக வாங்கப்பட்ட 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்புகள் போய்ச் சேர்ந்தன. முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலரின் கையில் முதன்முதலாக விழுந்த கணினி அதுதான். அந்தத் திட்டத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனமில்லை. ஆனால் கணினி கடையிலிருந்து வீட்டுக்கு இடம்பெயர்ந்தபோது ஏப்ரல் மாத விதியில் இருந்த எச்சரிக்கை கூடவே வரவில்லை. பிளஸ் டூ மாணவருக்கு வந்த கருவியை ஆறாவது படிக்கும் தங்கையும் திறந்தாள். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்ததும் அந்த லேப்டாப்புக்கு அப்பாவின் கைபேசி ஹாட்ஸ்பாட் வழியாக இணையம் கிடைத்தது. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டபோது, அதுவரை ஆசைக்கு விட்டுக்கொண்டிருந்த திரை கடமையாகிவிட்டது. அந்த ஜூலையில் மத்தியக் கல்வித் துறை வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல் எட்டாம் வகுப்புவரை நாளுக்கு இரண்டு அமர்வு, அதற்கு மேல் நான்கு அமர்வு, ஒவ்வொன்றும் 30 முதல் 45 நிமிடம் என்று அளவு சொன்னது. வகுப்புக்கு அளவு இருந்தது. வகுப்பு முடிந்த பிறகு அதே திரை முன் கழிந்த நேரத்துக்கு அது அளவு சொல்லவில்லை.

அதற்கு முன்பே, 2018இல், சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் ஒரு பொதுநல வழக்கு தாக்கலாகியிருந்தது. ஆபாசக் காட்சிகள் பிள்ளைகளுக்கு எளிதில் கிடைக்கின்றன, எனவே இணைய இணைப்பு தரும் நிறுவனங்களே பெற்றோர் கட்டுப்படுத்தும் வசதியைச் சேர்த்துத் தர வேண்டும் என்பது கோரிக்கை. நமது கேள்விக்கு இவ்வளவு நெருக்கமான வழக்கு தமிழ்நாட்டில் வேறொன்று எனக்குத் தெரிந்து இல்லை. 2025 டிசம்பரில் நீதிபதிகள் ஜி. ஜெயச்சந்திரன், கே.கே. ராமகிருஷ்ணன் அமர்வு அதை முடித்துவைத்தது. பதினாறு வயதுக்குட்பட்டவர்களுக்கு ஆஸ்திரேலியா கொண்டுவந்தது போன்ற சமூக வலைத்தளத் தடைச் சட்டத்தை மத்திய அரசு பரிசீலிக்கலாம் என்றது. அதுவரை குழந்தைகள் உரிமை ஆணையங்கள் விழிப்புணர்வுப் பணியைத் தீவிரப்படுத்த வேண்டும் என்றது. இணையம் முழுவதையும் வடிகட்ட முடியாது, பயன்படுத்துகிறவரின் கருவியில்தான் கட்டுப்பாடு சாத்தியம் என்ற கருத்தும் அதில் இருந்தது. பொறுப்பு இப்படிச் சுற்றி வந்து வீட்டுக் கூடத்தில்தான் இறங்குகிறது. எனவே கூடத்தில் என்ன செய்ய முடியும் என்று பார்ப்போம்.

லேப்டாப் வாங்கிய அன்று முதலில் உருவாகும் கணக்கு நிர்வாகிக் கணக்கு. எதையும் நிறுவவும் நீக்கவும் மாற்றவும் அதற்கு அதிகாரம் உண்டு. பெரும்பாலான வீடுகளில் அந்த ஒரே கணக்கைத்தான் எல்லோரும் திறக்கிறார்கள். பாஸ்வேர்டு இருந்தாலும் அது குடும்பத்துக்கே தெரிந்த பாஸ்வேர்டு. சிக்கல் முழுவதும் இந்த இடத்தில் தொடங்குகிறது. பிரவுசரில் அப்பாவின் கூகுள் கணக்கு திறந்தே இருக்கும். யூடியூபைப் பொறுத்தவரை திரைமுன் உட்கார்ந்திருப்பவர் நாற்பத்தைந்து வயது ஆண். வயது வரம்புள்ள காணொளியும் தடையின்றித் திறக்கும். அப்பா இரவில் பார்த்ததன் தொடர்ச்சி மறுநாள் மாலை பிள்ளைக்குப் பரிந்துரையாக வரும். சேமித்து வைத்த வங்கி அட்டை விவரமும் அங்கேயே இருக்கும். பிள்ளை ஏதோ தப்பான இடத்துக்குப் போய்விட்டது என்று வீட்டில் சத்தம் போடுவதற்கு முன், போகும் வழியைப் பெரியவர்களின் கணக்கே திறந்து வைத்திருந்ததா என்று பார்ப்பது நியாயம்.

ஆளுக்கொரு பயனர் கணக்கு உருவாக்குவது இதற்கான முதல் மருந்து, செலவு கிடையாது. நிர்வாகிக் கணக்குக்குப் பெற்றோர் மட்டும் அறிந்த பாஸ்வேர்டு, பிள்ளைக்குச் சாதாரணக் கணக்கு. சாதாரணக் கணக்கிலிருந்து கணினியின் கடிகாரத்தை மாற்றி நேரக் கட்டுப்பாட்டை ஏமாற்ற முடியாது. பெரும்பாலான மென்பொருள்களை நிறுவவும் முடியாது. சில செயலிகள் நிர்வாகியைக் கேட்காமலே அந்தந்தக் கணக்குக்குள் மட்டும் நிறுவிக்கொள்ளும் என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். விண்டோஸில் மைக்ரோசாஃப்ட் ஃபேமிலி சேஃப்டி என்ற வசதி இலவசம்: பிள்ளையின் வயதோடு ஒரு கணக்கு உருவாக்கிக் குடும்பக் குழுவில் சேர்த்தால், எத்தனை மணிவரை, எவ்வளவு நேரம் என்று நாள்வாரியாக வரையறுக்கலாம். அதன் தள வடிகட்டி எட்ஜ் பிரவுசரில் மட்டும் வேலை செய்யும். மற்ற பிரவுசர்களைத் தடுத்துவிடும். குரோமுக்குப் பழகிய பிள்ளை முதல் நாளே சண்டைக்கு வரும். கூகுளின் ஃபேமிலி லிங்க் கைபேசிக்கும் குரோம்புக்குக்கும் செய்யப்பட்டது. விண்டோஸ் லேப்டாப்பின் திரை நேரம் அதன் கைக்கு எட்டாது. கைபேசியில் அதைப் போட்டுவிட்டு லேப்டாப்பும் அடங்கிவிட்டதாக நம்புவது வீண்.

இரண்டாவது வழி, வீட்டுக்குள் வரும் இணையத்தையே வடிகட்டுவது. ஃபைபர் இணைப்பு உள்ள வீட்டில் மோடத்தின் அமைப்புகளுக்குள் போய் இரவு பத்து மணிக்கு மேல் குறிப்பிட்ட கருவிக்கு இணைப்பு இல்லை என்று செய்யலாம். தளங்களின் பெயரைத் தேடித்தரும் டிஎன்எஸ் சேவையையும் மாற்றலாம். கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் 2020 ஏப்ரலில் குடும்பங்களுக்கென்று தொடங்கிய 1.1.1.3 என்ற முகவரியை இட்டால் ஆபாசத் தளங்களின் பெயர்களுக்கு விடை கிடைக்காது, பக்கம் திறக்காது. நகரத்துக் கட்டுரைகள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. வடலூரைச் சுற்றியுள்ள வீடுகளில் மோடமே இல்லாமல் கைபேசி ஹாட்ஸ்பாட்டை நம்பும் லேப்டாப்புகள் நிறைய. அங்கே மோடத்தில் போடும் பூட்டு அர்த்தமற்றது. டிஎன்எஸ் மாற்றத்தை லேப்டாப்பிலேயே, நிர்வாகிக் கணக்கிலிருந்து செய்ய வேண்டும். பிரவுசர்கள் தாமாகவே வேறு டிஎன்எஸைக் கேட்கும் வசதியையும் கூடவே அணைக்க வேண்டும். ஆனால் ஹாட்ஸ்பாட்டுக்கு ஒரு நல்ல குணமும் உண்டு. அப்பாவோ அம்மாவோ கைபேசியில் அதைத் திறந்தால்தான் லேப்டாப்புக்கு இணையம். ஒவ்வொரு முறையும் பிள்ளை வந்து கேட்க வேண்டும். எந்த மென்பொருளும் தராத ஒரு உரையாடலை அந்த வசதிக்குறைவு தந்துவிடுகிறது. வாரம் ஒருமுறை ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டை மாற்றினாலே போதும்.

டிஎன்எஸ் வடிகட்டிக்குத் தளத்தின் பெயர்தான் தெரியும். தளத்துக்குள் என்ன ஓடுகிறது என்று தெரியாது. யூடியூபை அனுமதித்தால் அதிலுள்ள பாடமும் வரும், வன்முறையும் வரும், விடாமல் இழுத்துச் செல்லும் ஷார்ட்ஸும் வரும். பெற்றோர் பெரும்பாலோர் புலம்புவது ஆபாசத் தளத்தைப் பற்றியல்ல, கணக்கில்லாமல் கரையும் மணிகளைப் பற்றி. வடிகட்டி அதைத் தொடவே தொடாது. இன்னொன்று, சொற்களை வைத்துத் தடுக்கும் கருவிகள் ஆங்கிலத்துக்காகப் பழக்கப்பட்டவை. ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டும் பிள்ளைக்கும், தமிழில் வரும் வசைக்கும் முன்னால் அவை திணறுகின்றன. தமிழ்ப் பிள்ளைகளுக்கான வடிகட்டி வேலையைத் தமிழ் தெரிந்தவர்கள் யாராவது எடுத்துச் செய்ய வேண்டும். பல்கலைக்கழகங்களின் கணினித் துறைகள் இதில் இறங்கினால் நன்றாக இருக்கும்.

வடிகட்டிகள் எவ்வளவு காக்கின்றன? ஆக்ஸ்ஃபோர்டு இணைய ஆய்வு நிறுவனத்தின் ஆண்ட்ரூ ப்ரிஸ்பில்ஸ்கியும் விக்டோரியா நாஷும் ஐரோப்பியப் பிள்ளைகளின் தரவுகளை வைத்து 2018இல் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். ஒரே ஒரு பிள்ளை ஆபாசக் காட்சியை எதிர்கொள்ளாமல் காக்க 17 முதல் 77 வீடுகள்வரை வடிகட்டி பொருத்த வேண்டியிருக்கும் என்று தெரிந்தது. வீண் என்று இதற்குப் பொருள் கொள்ள மாட்டேன். சின்னஞ்சிறு பிள்ளை தற்செயலாக இடறுவதைத் தடுக்க அது தேவை. தேடிப் போகும் பதினைந்து வயதுக்காரனை அது நிறுத்தாது. லண்டனின் சோனியா லிவிங்ஸ்டன் குழு 2017இல் வெளியிட்ட ஆய்வு இதைவிட எனக்கு முக்கியமாகப் படுகிறது. தடுத்து வளர்க்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு இணைய ஆபத்து குறைவு, இணையத்தால் கிடைக்கும் பயனும் குறைவு. கூட இருந்து வழிகாட்டி வளர்க்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பயன் அதிகம், ஆபத்தும் சற்று அதிகம். குறைந்த ஆபத்தையும் நிறைந்த பயனையும் ஒருசேரக் கொடுக்கும் வழி இல்லை. எதை எந்த வயதில் விட்டுக்கொடுப்பது என்பதைப் பெற்றோர்தான் தீர்மானிக்க வேண்டும்.

அரசுகள் போட்ட பூட்டுகளையும் பார்த்துவிடலாம். தென்கொரியா 2011இல் பதினாறு வயதுக்குட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு மணிவரை இணைய விளையாட்டு ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. பிள்ளைகள் அப்பா அம்மாவின் அடையாள எண்ணைப் போட்டு உள்ளே போனார்கள். பத்து ஆண்டுகள் கழித்து அரசே சட்டத்தைக் கைவிட முடிவெடுத்தது. சீனா 2021இல் வெள்ளி, சனி, ஞாயிறு, விடுமுறை நாட்களில் இரவு எட்டு முதல் ஒன்பது மணிவரை மட்டும் என்று இன்னும் இறுக்கியது. பெரியவர்களின் கணக்கு அங்கேயும் பிள்ளைகளுக்கு உதவிக்கு வந்தது. ஆஸ்திரேலியாவின் சட்டம் 2025 டிசம்பர் 10இல் நடைமுறைக்கு வந்தது. பதினாறு வயதுக்குட்பட்டவர்களின் கணக்கைத் தடுக்கத் தவறும் சமூக வலைத்தள நிறுவனத்துக்கு 4.95 கோடி ஆஸ்திரேலிய டாலர்வரை அபராதம். பொறுப்பைப் பிள்ளைமீது சுமத்தாமல் நிறுவனத்தின்மீது வைத்தது அதன் சிறப்பு. ஆனால் அப்பாவின் கணக்கு திறந்தே கிடக்கும் வீட்டில் அதுவும் வாசலோடு நின்றுவிடும். இந்தியாவின் 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கும் இதே கதிதான். பதினெட்டு வயதுக்குட்பட்டவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கப்பட்ட சம்மதம் வேண்டும், அவர்களைப் பின்தொடரவோ குறிவைத்து விளம்பரம் காட்டவோ கூடாது என்கிறது அது. 2025 நவம்பரில் விதிகளும் வந்துவிட்டன. பிள்ளை பிள்ளையாகத் தெரிந்தால்தான் இந்தக் காப்பு கிடைக்கும். அப்பாவின் பெயரில் உலவும் பிள்ளைக்குச் சட்டம் ஒரு பாதுகாப்பும் தராது. தனிக் கணக்கு என்பதை நான் திரும்பத் திரும்ப வலியுறுத்துவது இதனால்தான்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் எப்போதாவது இணையத்தைப் பயன்படுத்திய ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. அசர் 2023இல், ஸ்மார்ட்போன் பயன்படுத்தத் தெரிந்த 14-18 வயது ஆண்களில் 43.7 விழுக்காட்டினரிடம் சொந்தக் கருவி இருந்தது, பெண்களில் 19.8 விழுக்காட்டினரிடம். சொந்தமாகக் கைபேசி இல்லாத பெண்ணுக்கு வீட்டுக் கணினிதான் ஒரே வாசல். தம்பி விளையாடிக் கெடுகிறான் என்று அதைப் பூட்டினால், அவன் நண்பனின் கைபேசியைத் தேடிப் போவான். அவள் எங்கே போவாள்? கட்டுப்பாடு என்ற பெயரில் வீடுகளில் நடப்பதைக் கூர்ந்து பார்த்தால் பையனுக்கு நேரம் குறைகிறது, பெண்ணுக்கு இணையமே நின்றுபோகிறது. கேரள உயர் நீதிமன்றம் 2019 செப்டம்பரில் இதை நேருக்கு நேர் சந்தித்தது. கோழிக்கோடு மாவட்டக் கல்லூரி ஒன்றின் பெண்கள் விடுதியில் மாலை ஆறு முதல் பத்து மணிவரை கைபேசிக்குத் தடை. எதிர்த்த மாணவி வெளியேற்றப்பட்டார். இணையத்தை அணுகுவது கல்வி உரிமையிலும் தனியுரிமையிலும் அடங்கும் என்று கூறி நீதிமன்றம் அவரைத் திரும்பச் சேர்க்க உத்தரவிட்டது. வழக்குத் தொடுத்தவர் வயது வந்த பெண்; எட்டாம் வகுப்புச் சிறுமிக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கட்டுப்பாடு போடும் எவரும் படிப்பு கெடவில்லை என்று காட்டக் கடமைப்பட்டவர் என்பதை அந்தத் தீர்ப்பிலிருந்து வீட்டுக்கும் எடுத்துக்கொள்ளலாம்.

ஒளிந்து பார்ப்பதை நான் ஏற்கவில்லை. பிள்ளை தட்டும் ஒவ்வொரு எழுத்தையும் அதற்குத் தெரியாமல் பெற்றோருக்கு அனுப்பும் மென்பொருள்கள் விற்பனையில் உள்ளன. பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலிகளைப் பற்றிப் பிள்ளைகள் எழுதிய 736 மதிப்புரைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் 2018இல் அலசினார்கள். மிகப் பெரும்பாலானவை ஓரிரு நட்சத்திரமே தந்தன. வேவு பார்க்கிறார்கள், நம்பவில்லை என்பதே பொதுவான குறை. பிள்ளைகளின் கோபம் என்று ஒதுக்கிவிடலாம்தான். ஆனால் யாரோ ஒருவன் படத்தை வைத்துக்கொண்டு மிரட்டும்போது அந்தப் பிள்ளை வீட்டில் வந்து சொல்ல வேண்டும். சொன்னால் கணினியைப் பிடுங்கிவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் சொல்லாது. மிரட்டுகிறவனுக்கு வேண்டியதும் அந்த மௌனம்தான். எது நடந்தாலும் வந்து சொன்னதற்காக இணையம் பறிபோகாது என்று பெற்றோர் முன்கூட்டியே வாக்குக் கொடுக்க வேண்டும். கொடுத்தால் காப்பாற்ற வேண்டும். குழந்தைகளுக்கான 1098, இணையக் குற்றத்துக்கான 1930 இரண்டையும் கணினியின் மேல் மூடியிலேயே ஒட்டி வைக்கலாம்.

வீட்டில் நடைமுறைக்கு வரக்கூடிய ஒழுங்கு என்று எனக்குத் தோன்றுவது இது. கணினி கூடத்தில் இருக்கட்டும். திரை எல்லோரும் நடமாடும் பக்கம் பார்க்கட்டும். பத்து வயதுக்குக் கீழே அனுமதித்த தளங்கள் மட்டும், பெரியவர் ஒருவர் அருகில். இந்தியக் குழந்தை மருத்துவச் சங்கம் ஐந்து முதல் பத்து வயதுவரை திரை நேரம் இரண்டு மணிக்குள் இருக்கட்டும் என்கிறது. அதற்கு மேற்பட்டவர்களுக்குத் தூக்கமும் விளையாட்டும் படிப்பும் கெடாத அளவு என்று விட்டுவிடுகிறது. பத்து முதல் பதினான்கு வரை தனிக் கணக்கு, வடிகட்டி, இரவில் ஒரு நிறுத்த நேரம். பதினைந்துக்கு மேல் வடிகட்டியைத் தளர்த்தி, நிறுத்த நேரத்தை மட்டும் வைத்துக்கொள்ளலாம். இந்த வட்டாரத்தில் நெய்வேலி ஷிப்ட் வேலைக்குப் போகிறவர்களும் வெளிநாட்டில் இருக்கிறவர்களுமாகப் பல அப்பாக்கள் மாலையில் வீட்டில் இல்லை. ஒழுங்கை நடத்துவது அம்மாவோ பாட்டியோதான். அவருக்கு நிர்வாகிக் கணக்கைத் திறக்கத் தெரியாவிட்டால் பாஸ்வேர்டு பதினான்கு வயதுப் பிள்ளையின் கையில் இருக்கும். அம்மாக்களுக்குக் கற்றுத் தராமல் எந்தத் திட்டமும் இங்கே நடக்காது. பள்ளிகளின் பெற்றோர் கூட்டங்களில் மதிப்பெண் பேசும் நேரத்தில் கால் மணியை இதற்கு ஒதுக்கலாம்.

2025 மார்ச் நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் லேப்டாப்போ டேப்லெட்டோ தருவதாக அறிவித்தது. வாங்குகிறவர் கல்லூரி மாணவர்; ஆனால் வீட்டில் தம்பி தங்கைகளும் இருப்பார்கள். கொடுக்கும்போதே வீட்டுச் சிறுவருக்கென்று ஒரு சாதாரணக் கணக்கு அதில் உருவாகியிருக்க வேண்டும். அதை எப்படி நடத்துவது என்று தமிழில் ஒரு பக்கத் தாள் பெட்டிக்குள் இருக்க வேண்டும். ஒரு கருவிக்குப் பத்து நிமிடம் பிடிக்கும் இந்த வேலையை, வழங்கும் கல்லூரியின் கணினித் துறை மாணவர்களே செய்து கொடுத்துவிடலாம்.